தீவு மேயரும் கப்பல் கணக்கும்

பதவிக்கு ஒருவர் வந்தால் எந்தக் கட்சி என்று முதலில் கேட்கிறார்கள். வணிகர்களாகிய நாம் கேட்க வேண்டியது வேறு. சரக்கு வரும் பாதை அவருக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் மாவி கவுண்டி என்று ஒன்று உண்டு, மாவட்டம் போன்றது. அதில் மக்கள் வசிப்பவை மாவி, மொலோக்காய், லானாய் ஆகிய மூன்று தீவுகள். பெரும்பாலான சரக்கு கப்பலில் வந்தாக வேண்டும். 1920-ல் வந்த ஜோன்ஸ் சட்டப்படி, அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்ற அமெரிக்காவில் கட்டிய கப்பல்தான் வேண்டும். அதனால் கூலி அதிகம். அதற்கு மேல் மாநில வரி மொத்த வியாபாரத்தில் அரை சதவீதம், சில்லறையில் 4 சதவீதம். மளிகைக்கும் விலக்கில்லை! அங்குள்ள கடைக்காரரின் கஷ்டம் நமக்குப் புரியாததல்ல.

இந்த மண்ணில் வளர்ந்த அரசியல்வாதி லிண்டா லிங்கிள் அம்மையார். 1975-ல் ஹவாய் வந்தவர், மொலோக்காயில் சிறு பத்திரிகை நடத்தினார். 1980-ல் கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்வானார். பத்து வருடம் அங்கிருந்து, 1990-ல் முன்னாள் மேயரைத் தோற்கடித்து மேயரானார். 1998-ல் கவர்னர் தேர்தலில் சுமார் 5,000 வாக்கில் தோற்றும் சோர்ந்துவிடாமல் 2002-ல் வென்று முதல் பெண் கவர்னரானார். அடிமட்டத்திலிருந்து வந்தவர் என்பதில் நமக்கு மரியாதை உண்டு.

அப்படிப்பட்டவரே சறுக்கினார். தீவுகளிடையே லாரி, காரோடு ஏறிச் செல்லும் பெரிய கப்பல் சேவை வந்தது. சிறு வியாபாரிக்கு நல்ல திட்டம்தான், நாமானால் வரவேற்றிருப்போம். ஆனால் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டாமென்று 2005-ல் அவரது நிர்வாகம் விலக்கு கொடுத்துவிட்டது. 2007 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் ஆய்வு அவசியமென்றது. கம்பெனியோ சில நாளிலேயே 5 டாலர் கட்டணத்தில் ஓட்டியது. கவாய் தீவில் மக்கள் அலைச்சறுக்குப் பலகைகளில் கடலிலிறங்கிக் கப்பலை மறித்தார்கள். கட்டடம் எழுப்பிவிட்டுப் பிறகு அனுமதிக்கு அலைந்த அனுபவம் நம்மில் சிலருக்கு உண்டு, சொல்லத் தேவையில்லை. கவர்னர் சிறப்புக் கூட்டம் கூட்டிப் புதுச் சட்டம் கொண்டுவந்தார். ஒரு கம்பெனிக்காக இயற்றியது என்று 2009 மார்ச்சில் அதுவும் செல்லாமல் போயிற்று. கப்பல் நின்றது, கம்பெனி திவால். துறைமுகத்துக்கு மாநிலம் செலவிட்டது சுமார் 4 கோடி டாலர்.

கடலைச் சுற்றி வாழ்பவரிடம் முதலிலேயே போய்க் கேட்டிருந்தால் இரண்டு வருடம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். மொலோக்காயில் வீட்டுக்கு வீடு அறிந்திருந்தவர் தலைநகர் ஹொனலுலு போனபின் இதை மறந்தது எப்படி என்பதே நம் கேள்வி. 2012-ல் செனட் தேர்தலில் நின்றார், தோற்றார். மாவி கடைக்காரருக்கு ஹொனலுலு சரக்கு இன்றும் பார்ஜில்தான் வருகிறது.