கடலுக்கும் பனிமலைக்கும் சிறுவரோடு

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நமக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. பள்ளிச் சேர்க்கை, திருமணத் தயாரிப்பு, மாமியார் மருமகள் பிணக்கு ஆகியவை சற்றே ஒதுங்கிக்கொள்ள, "விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்னும் கேள்வி முன்னே வந்து நிற்கிறது. இம்முறை வந்தவற்றுள் திண்டிவனத்து இளந்தாய் ஒருவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டோம். "மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு ஒன்றரை வயது. என் கணவரின் தமையனார் குடும்பத்தார் காஷ்மீருக்குப் போய்ப் பனியைப் பார்த்துவரலாம், நீங்களும் வாருங்கள் என்கிறார்கள். மாமியாரோ, வேளாங்கண்ணிக்குப் போய் மாதாவைத் தரிசித்து, பிள்ளைகளைக் கடலில் கால் நனைக்கவிட்டுத் திரும்பினால் போதும் என்கிறார். பிள்ளைகளுக்கு எது நல்லது?" என்று கேட்கிறார். விழுப்புரத்திலிருந்தும் ஏறக்குறைய இதே கேள்வி வந்திருக்கிறது. அங்கே காஷ்மீருக்குப் பதில் ஊட்டி, வேளாங்கண்ணிக்குப் பதில் புதுச்சேரி.

அம்மையீர், நாம் உங்கள் மாமியாரின் பக்கமே சாய்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயினும் கடல் எளிது, பனிதான் கடினம் என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. கடல் நீராயினும் மலைக் குளிராயினும், அதன் பிடியில் அகப்பட்ட சிறு குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, மௌனமாகிவிடுகிறது. வீட்டில் குழந்தை அழுதால் ஓடுகிறோம், அமைதியாக இருந்தால் நிம்மதி அடைகிறோம். கடற்கரையிலும் பனிமலையிலும் இந்தப் பழக்கமே நம்மை ஏமாற்றிவிடுகிறது.

நீரில் மூழ்குகிறவர் கைகளை வீசிக் "காப்பாற்றுங்கள்" என்று அலறுவார் எனத் திரைப்படங்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றன. உண்மையில் மூச்சு வாங்குவதற்கே வாய் நீருக்கு மேலே வரத் திணறும்போது குரல் எங்கிருந்து எழும்? ஓரிரு வயதுக் குழந்தைக்கு உடலோடு ஒப்பிடத் தலை கனமானது. தடுக்கிக் குப்புற விழுந்தால் அரையடி நீரிலும் அதனால் எழ முடியாமற் போகலாம். சில நிமிடங்களுக்குள், அருகிலிருப்போர் காதில் ஒன்றும் விழாமலே, எல்லாம் நடந்து முடிந்துவிடும். உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போர் விகிதம் மிகுந்திருப்பது ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளிடையேதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பகுதியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சென்ற பேருந்து ஒன்றில் நாமும் இருந்தோம். பெரியவர், சிறியவர் என நாற்பது பேருக்குக் குறையாது. காலைத் திருப்பலி முடிந்ததும் எல்லோரும் கடற்கரைக்கு நடந்தார்கள். சிலர் மொட்டை போட்ட தலையோடு நீரில் இறங்கினர், சிலர் சுண்டல் வாங்கினர், சிலர் சிப்பி மாலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தனர். திடீரென்று ஒரு தாய், "தம்பி எங்கே?" என்றாள். மூன்று வயதுப் பையன். சித்தியிடம் இருப்பான் என்று தாய் எண்ணியிருக்கிறாள். தாத்தாவோடு போனான் என்று சித்தி எண்ணியிருக்கிறாள். தாத்தாவோ அவன் தகப்பனோடு நீருக்குள் நிற்பதாகவே நினைத்திருக்கிறார். அடுத்த கால்மணி நேரம் அந்தக் கரையில் நாம் கேட்ட அழுகுரலை இன்றும் மறக்க முடியவில்லை. பையன் கரையேற்றி வைத்திருந்த படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவனை முதுகில் இரண்டு போட்ட தாய், உடனே அவனைக் கட்டிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அங்கே கவனமற்றவர் என்று எவரையும் சொல்ல முடியாது. நாற்பது பேர் இருந்தார்கள். ஆகவேதான் ஒருவரும் பார்க்கவில்லை. தனியே சென்ற தாய் தன் பிள்ளையின் கையை விட்டிருக்க மாட்டாள். கூட்டுக் குடும்பமாகச் செல்வது நமக்குப் பெருமை, அதன் இன்பமும் பெரிது. ஆனால் நீர் அருகே வந்ததும் ஒரு சிறு ஏற்பாடு வேண்டும். "இந்த அரைமணி நேரம் சின்னவளைப் பார்த்துக்கொள்பவர் பெரியப்பா" என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் அந்த அரைமணி நேரம் கைப்பேசியை எடுக்கலாகாது, சுண்டலுக்குப் போகலாகாது, குழந்தையைக் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் விடலாகாது. முறை முடிந்ததும் அடுத்தவரிடம், "இனி நீங்கள்" என்று வாய் திறந்து சொல்லி ஒப்படைக்க வேண்டும். இதைக் கேட்டுச் சிரிக்கும் பெரியப்பாமார் உண்டு. சிரித்துக்கொண்டே செய்யட்டும், நமக்கு ஆட்சேபனை இல்லை.

கடலின் இயல்பைப் பற்றியும் இரண்டு சொல்ல வேண்டும். அலைகள் கரைமேல் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். சில இடங்களில் அது ஒரு குறுகிய வாய்க்காலைப் போல ஒன்றுகூடி வேகமாகத் திரும்பும். அவ்விடத்தில் அலை உடையாது, நுரை குறைந்திருக்கும், நீர் சற்றே கலங்கித் தெரியும். அதைப் பார்ப்பவர், "இங்கேதான் அலை இல்லை, பிள்ளைகளை இங்கே இறக்கலாம்" என்று முடிவு செய்கிறார். முழுக் கரையிலும் இறங்கக்கூடாத இடம் அதுவே. பெரியவர் அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைக் கடந்த பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையால் இது இயலாது. காற்றடைத்த ரப்பர் வளையத்தைப் பலர் பாதுகாப்பு என நம்புகிறார்கள். நமது கரையில் கோடைக் காலைப்பொழுதில் நிலக்காற்று கடலை நோக்கி வீசுவதால், அவ்வளையமே குழந்தையை உள்ளே கொண்டுபோய்விடக் கூடும். நீல நிறச் சட்டையும் வேண்டாம். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களே நீரில் எளிதில் கண்ணுக்குப் புலப்படும்.

வானம் தெளிந்திருப்பதை மட்டும் நம்பியும் இறங்கலாகாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயிலும் மாணவ மாணவியர் ஐவர் அலைகளால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். அந்நாட்களில் வீசியது 'கள்ளக்கடல்' எனப்படும் பேரலை. எங்கோ தொலைவில் தென்கடலில் எழும் புயற்காற்றின் விளைவாக, இங்கே காற்றோ மழையோ இல்லாதபோது கரையில் வந்து மோதுவதாலேயே அதற்கு இந்தப் பெயர். அதைப் பற்றி ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் முன்னரே எச்சரித்திருந்தது. வானொலியிலும் நாளேட்டிலும் வரும் அவ்வெச்சரிக்கைகள் மீனவருக்கு மட்டுமே உரியவை என்று நாம் எண்ணுகிறோம்.

2004 டிசம்பர் 26ஐ இங்கே நினையாமல் இருக்க முடியாது. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வேளாங்கண்ணிக் கரையில் நின்ற திருப்பயணிகள் பலரையும், கடைவைத்துப் பிழைத்தவர்களையும் ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. அதே காலையில் தாய்லாந்தின் பூக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல் நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, சில நாட்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்து, பெற்றோரை வற்புறுத்திக் கரையிலிருந்தோரை வெளியேறச் செய்தாள். கடல் இயல்பை மீறி வெகுதூரம் உள்வாங்கினால், வேடிக்கை பார்க்க நில்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும் என்பதை உங்கள் ஐந்து வயது மகனுக்கும் சொல்லிவைக்கலாம். அச்சுறுத்த வேண்டுவதில்லை; ரயில் வரும்போது தண்டவாளத்தைக் கடக்காதே என்று சொல்வதைப் போலச் சொன்னால் போதும்.

இனிப் பனிக்கு வருவோம். நமது தமிழகத்தில் வானிலிருந்து பனி கொட்டும் இடம் ஏதுமில்லை. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலும் நாம் காண்பது உறைபனியே. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகாலையில் தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் வெள்ளை விரித்தாற்போல் இருக்கும்; வெயில் ஏறியதும் மறைந்துவிடும். எனவே மே மாதத்தில் ஊட்டிக்குச் சென்று "பனி எங்கே?" என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்ட ஒன்றுமிராது. (2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இணையவழி அனுமதி பெற்றே செல்ல வேண்டும் என்பதையும் விழுப்புரத்து அன்பர் நினைவிற் கொள்க.) மலைக் குளிர்ச்சி மட்டுமே வேண்டுமெனில், கள்ளக்குறிச்சி, சேலம் வழியாக ஏற்காடு போதும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வயிறு முட்ட உண்ட பிள்ளை நான்காவது வளைவிலேயே எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடும். இரண்டு இட்லியோடு நிறுத்தி, முன்னே சாலையைப் பார்க்கும்படி உட்காரவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

காஷ்மீர்ப் பயணம் இப்போது முன்போல் அரியது அன்று. 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகர் வரை ரயிலே ஓடுகிறது. ஆனால் ஒன்றைப் பலர் சொல்வதில்லை. நமது பிள்ளைகளின் விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அக்காலத்தில் ஊர்களிலிருந்த பனி கரைந்து போயிருக்கும். குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். அங்கே மே மாதத்தில் பசும்புல்லைத்தான் காணலாம். பனியைத் தொட வேண்டுமானால் தொங்கு ஊர்தியில் ஏறி 3,900 மீட்டருக்கு மேலே செல்ல வேண்டும். மணாலிக்குச் சென்றாலும் இதே கதைதான். ஏறக்குறைய 2,050 மீட்டரிலிருந்து சில மணி நேரத்துக்குள் 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாய்க்கு ஏற்றிவிடுகிறார்கள். 2,500 மீட்டரைக் கடந்தாலே காற்று மெலிந்து சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். பெரியவர் சொல்லிவிடுவார். ஒன்றரை வயதுக் குழந்தை எதைச் சொல்லும்? பால் குடிக்க மறுக்கும், சிணுங்கும், விளையாடாது, உறங்காது. பயணக் களைப்பு என்று நாம் கருதிவிடுவோம். அத்தகைய குறி தெரிந்தால் செய்யத்தக்கது உடனே கீழே இறங்குவதுதான்.

குளிரும் அப்படியே. எடைக்கு ஏற்ற அளவில் பார்த்தால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவருடையதைவிட மிகுதி. ஆகவே அதன் உடற்சூடு விரைந்து வெளியேறும். தோளில் சுமக்கும் தகப்பன் நடப்பதால் வியர்க்கிறார். சுமக்கப்படும் குழந்தையோ அசைவின்றித் தொங்கும் கால்களோடு குளிர்ந்துபோகிறது. தமக்கு வெதுவெதுப்பாக இருப்பதை வைத்துக் குழந்தைக்கும் அப்படியே என்று அவர் முடிவு செய்கிறார். குளிரில் சிணுங்கிய குழந்தை ஓய்ந்து சோர்ந்து கிடந்தால் அது உறக்கமாக இராமற் போகலாம். கழுத்துக்குக் கீழே மார்பில் கைவைத்துப் பார்க்க வேண்டும். நனைந்த பருத்தி உடை குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும். கம்பளியே நல்லது, மாற்றுக் காலுறை இரண்டு மூன்று வேண்டும். குளிருக்கு ஒரு சொட்டு பிராந்தி என்னும் பாட்டி வைத்தியம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. மதுவானது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உடற்சூட்டை வெளியேற்றும். குழந்தைக்கு இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் குறைத்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. அறையைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபடி உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்தியை நாளேடுகளில் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொடைக்கானலானாலும் காஷ்மீரானாலும் மூடிய அறைக்குள் கரி கூடவே கூடாது.

வெயிலைப் பற்றி ஒரு வரி. புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரையிலும், உலர்ந்த கடற்கரை மணல் 15 விழுக்காடு வரையிலும் திருப்பி மேலே வீசும். ஆகவே குடை பிடித்தாலும் கீழிருந்து வரும் கதிர் குழந்தையின் முகத்தில் படும். மலையில் குளிர்கிறதே என்று வெயிலை மறப்பது தவறு.

ஆகவே திண்டிவனத்துச் சகோதரிக்கு நமது யோசனை இது. பனிமலை இளையவள் வளரும்வரை காத்திருக்கட்டும். அது எங்கும் ஓடிவிடாது. வேளாங்கண்ணிக்கு மாமியாரோடு செல்லுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழாக் கூட்டத்தை மட்டும் கைக்குழந்தையோடு தவிர்ப்பது நலம். அதற்குமுன் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மரக்காணத்துக்குப் புறப்படுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். ஆறரை மணிக்குக் கரையில் இருந்தால் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம். நீருக்குள் இறங்க வேண்டாம். ஈர மணலில் குழி தோண்டவும், வந்து தொடும் நுரையைத் துரத்தவும் ஐந்து வயதுப் பையனுக்கு அந்த இரண்டரை மணி நேரம் போதாமலே இருக்கும். விழுப்புரத்தார் ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே நகரக் கடற்கரையின் பெரும்பகுதி கருங்கற் குவியல். 1980களில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் கட்டியதன் பின் மணல் அரித்துப்போனதால் கொட்டப்பட்ட கற்கள் அவை. வழுக்கும் அக்கற்களில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

மரக்காணத்திலிருந்து திரும்பும்போது உப்பளத்தருகே வண்டியைச் சற்று நிறுத்துங்கள். கோடையில் உப்பு வாரும் காலம். பாத்திகளின் ஓரமெல்லாம் வெண்மையாகக் குவித்திருப்பார்கள். "அப்பா, இதுதான் பனியா?" என்று மூத்தவன் கேட்பான். அங்கு வேலை செய்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு கல் எடுத்து அவன் நாவில் வையுங்கள். இளையவளை அப்போது யார் பிடித்திருக்கிறார் என்பதை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திகளிலும் நீர் நிற்கும்.