சில்லறைப் பாக்கி

மூன்று வருஷம் பி.காம். படித்த ஒருவன் கையில் ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பைக் கொடுத்துப் பாருங்கள். தேய்மானம் எங்கே, ஐயக்கடன் ஒதுக்கு எங்கே, கடனீந்தோர் எவ்வளவு என்று மளமளவென்று சொல்லிவிடுவான். கோடிகளில் இருந்தாலும் சரி, இரண்டு பக்கமும் கூட்டி ஒரு ரூபாய் பிசகாமல் முடித்துவிடுவான். அதே ஆளிடம், "கேன்டீன்ல யார் யாருக்கு எவ்வளவு தரணும்லே?" என்று கேட்டால் தலையைச் சொறிவான். ஜெராக்ஸ் கடை அண்ணாச்சிக்கு 40 ரூபாயா, 60 ரூபாயா? போன மாதம் பஸ்ஸுக்கு வாங்கிய 50 ரூபாய் திருப்பிக் கொடுத்தாச்சா, இல்லையா? தெரியாது. கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நட்புக்குள்ள என்னலே கணக்கு?"

கேட்பதற்கு நல்ல வசனம்தான். சினிமாவில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் இந்த வசனத்தை எப்போதும் யார் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும். பெரும்பாலும் சொல்கிறவன் வாங்கியவன்தான். கொடுத்தவன் வாயிலிருந்து இது அபூர்வமாகத்தான் வரும்.

மாணவர் வாழ்க்கை கற்றுத் தரும் சின்னச் சின்னப் பாடங்களில் முதலாவது இதுதான் என்று தோன்றுகிறது. நட்பு கெடாமல் இருக்க வேண்டுமானால் கணக்கு வேண்டும். இதைப் படிக்கத் தூத்துக்குடியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இந்த ஊரின் கடற்கரையிலும் சரித்திரத்திலும் அந்தப் பாடம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் முத்து.

தூத்துக்குடிக்கு முத்து நகர் என்று பெயர் வாங்கிக் கொடுத்த முத்துக் குளிப்பு இப்போது இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி. பிறகு பார்களில் போதிய சிப்பி சேரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது எப்படி நடந்தது என்பதை காமர்ஸ் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவின் பழைய குளிப்புகளில், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கி அள்ளி வந்த சிப்பிகளைக் கரைக்குக் கொண்டுவந்ததும் அன்றைக்கே பங்கு பிரித்துவிடுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பது குளித்தவர்கள் வேலை. எந்தக் குவியல் யாருக்கு என்று கை காட்டுவது அதிகாரி வேலை.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். பிரிக்கிறவன் ஒருவன், எடுக்கிறவன் இன்னொருவன். ஒரு குவியலைப் பெரிதாக வைத்தால் அது தன் கைக்கு வராமல் போய்விடலாம். அதனால் யாரும் சொல்லாமலே மூன்றும் சமமாக வந்துவிடும். மேற்பார்வை தேவையில்லை, சத்தியமும் தேவையில்லை. ஹாஸ்டலில் ஒரு பொட்டலம் மக்ரூனை நாலு பேர் பங்கு போடும்போது இதைச் செய்து பார்க்கலாம். பங்கு பிரித்தவனே கடைசியாக எடுக்க வேண்டும். சண்டையே வராது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பங்கு பிரிக்கும்போது சிப்பி மூடியே இருக்கும். எதற்குள் முத்து இருக்கிறது, எது வெறும் சிப்பி என்று பிரிக்கிறவனுக்கும் தெரியாது, எடுக்கிறவனுக்கும் தெரியாது. ஏலம் எடுக்கும் வியாபாரிக்கும் தெரியாது. திறந்து பார்த்த பிறகு பிரிப்பது என்று வைத்திருந்தால் கரையில் தினமும் அடிதடிதான் நடந்திருக்கும்.

இதைக் கல்லூரி டூரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குற்றாலம் போகலாம் என்று எட்டுப் பேர் கிளம்புவார்கள். "போயிட்டு வந்து பார்த்துக்கலாம் மக்கா" என்பார்கள். வேன் வாடகை ஒருவன் கொடுப்பான், புரோட்டாவுக்கு இன்னொருவன், டீசலுக்கு மூன்றாமவன். திரும்பி வந்து கணக்குப் போட உட்கார்ந்தால், "நான் சாப்பிடவே இல்லை", "நான் பாதியில ஏறினேன்" என்று எட்டுப் பேருக்கும் எட்டு நியாயம் இருக்கும். சிப்பியைத் திறந்த பிறகு பங்கு கேட்கிற கதை இது. கிளம்புவதற்கு முன் ஆளுக்கு எவ்வளவு என்று பேசி முடித்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷம் கூச்சப்பட்டதால் ஐந்து மாதம் முகம் பார்க்காமல் போனவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

அடுத்தது கப்பல்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டார் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர் கம்பெனியை எப்படித் தொடங்கினார் என்பதுதான் காமர்ஸ் பாடம். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ஆயிரம் ரூபாய்ப் பங்கு என்று வைத்திருந்தால் ஜமீன்தார்களும் பெரிய சேட்டுகளும் மட்டுமே வாங்கியிருக்க முடியும். 25 ரூபாய் அன்றைக்குச் சின்னத் தொகை அல்லதான். ஆனாலும் நடுத்தர மனிதனும் மனசு வைத்தால் எட்டக்கூடிய தொகை. சின்னப் பணம் சேர்ந்தால் கப்பல் ஆகும் என்று நம்பிய கம்பெனி அது.

ஆரம்பத்தில் அவர்களிடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி நெருக்கடி கொடுக்க, வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார்கள். பிறகு 1907-இல் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. இரவல் வாங்கிய பொருளை நம்பிப் பரீட்சைக்குப் போகிறவனுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கால்குலேட்டரோ நோட்டோ, கொடுத்தவன் நல்லவனாகவே இருந்தாலும் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவனுக்கும் அது தேவைப்படும்.

போட்டி கடுமையானபோது பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது என்பது ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. குடை வாங்கியவனுக்கு அன்று லாபம். ஆனால் எதிராளி காலியான பிறகு கட்டணத்தை யார் தீர்மானிப்பார்கள்? ஓசி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் கொடுக்கிறார், அல்லது வாங்கியவனே பின்னால் கொடுக்கிறான். தினமும் ஓசி டீ குடிக்கிறவனுக்கு அது ஓசிதான், வாங்கிக் கொடுக்கிறவனுக்கு அல்ல.

வ.உ.சி. 1908 மார்ச் 12 அன்று கைதானார். அதே ஆண்டு ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் 1911-இல் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் போய்விட்டது. குடும்பத்தோடு சென்னையில் வறுமையில் கிடந்தார்.

இங்கேதான் சில்லறைப் பாக்கியின் உண்மையான கதை வருகிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கு உதவ வேண்டும் என்று பணம் திரட்டினார்கள். அது காந்தியிடம் வந்து சேர்ந்தது. 1915-இல் காந்தி இந்தியா திரும்பிய நேரம். வேலை நெருக்கடியிலும் இடமாற்றத்திலும் அந்தப் பணம் உரியவர் கைக்குப் போகவில்லை. 1915 முழுக்க இருவருக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. கடைசியில் 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, மறந்தவர் யார் என்பது. பொதுப்பணத்துக்குக் காலணா கூட விடாமல் கணக்கு வைப்பதில் பேர்போனவர் காந்தி. அவருக்கே இது தவறிப்போயிற்று என்றால் நண்பன் மறந்ததை உடனே ஏமாற்று என்று முடிவு கட்டக்கூடாது. மறதி வேறு, மோசடி வேறு. கேட்ட பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

இரண்டு, கேட்டவர் யார் என்பது. சொத்தையும் வருமானத்தையும் நாட்டுக்காக இழந்தவர். மானஸ்தர். "போகட்டும், எப்படிக் கேட்பது" என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. மரியாதை குறையாமல், விஷயத்தையும் மறைக்காமல் எழுதினார். தனக்குச் சேர வேண்டியதைக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. வ.உ.சி.க்கு இல்லாத கூச்சம் பி.காம். மாணவனுக்கு எதற்கு?

"50 ரூபாய்க்கு இவ்வளவு பெரிய வியாக்கியானமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 50 ரூபாய் எல்லோருக்கும் ஒரே 50 ரூபாய் அல்ல. எல்லா மாதத்திலும் அது ஒரே 50 ரூபாயும் அல்ல.

தூத்துக்குடிக்கு என்று தனியாக ஒரு காலண்டர் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தத் தடை முடிகிற ஜூன் மாதம்தான் கல்லூரி திறந்து ஃபீஸ் கேட்கிற நேரம். அக்டோபரில் மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. நவம்பரில் செமஸ்டர் பரீட்சை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே மூழ்கியதே, அப்போது குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்து போனது. உப்பளத்துக்குப் போகும் அம்மாவின் பிள்ளையும், படகுக்குப் போகும் அப்பாவின் பிள்ளையும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மழைக்காலத்தில் 50 ரூபாய் என்பது இரண்டு நாள் மதியச் சாப்பாடாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட ஒருத்தி கொடுத்த 50 ரூபாயைத் தோழி மறந்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் கேட்க மாட்டாள். கேட்டால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களோ, வீட்டு நிலைமை தெரிந்துவிடுமோ என்று பயம். அதனால் என்ன செய்வாள்? டீக்கு வரமாட்டாள். "தலைவலி" என்பாள். பிறந்தநாளுக்குப் பணம் சேர்க்கும்போது லைப்ரரிக்குப் போய்விடுவாள். டூர் என்றால் "வீட்ல விட மாட்டாங்க" என்பாள். ஒரு வருஷத்தில், அவள் அந்தக் கூட்டத்திலேயே இருக்க மாட்டாள். "அவ ஏன் இப்பல்லாம் பேசறதில்ல?" என்று மற்றவர்கள் ஆச்சரியப்படுவார்கள். காரணம் அந்த 50 ரூபாய் என்பது யாருக்கும் கடைசி வரை தெரியாது.

"நட்புக்குள்ள கணக்கு எதுக்கு" என்ற வசனம் செய்கிற வேலை இதுதான். வசதி உள்ளவர்களுக்கு அது பெருந்தன்மை மாதிரி தெரியும். வசதி இல்லாதவர்களை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். கணக்கு வைத்திருந்தால் அவள் கேட்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. தானாக வந்திருக்கும்.

கணக்கு பார்ப்பது வேறு, கறாராக இருப்பது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாதவனுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டாம் என்று சொல்வது பெரிய குணம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் கொடுத்தவன். வாங்கியவன் தனக்குத்தானே தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. வாராக்கடன் என்று எழுதும் உரிமை கடன் கொடுத்தவனின் பேரேட்டுக்குத்தான் உண்டு. இது முதல் வருஷ அக்கவுண்டன்சி.

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். வாங்கிய அன்றே போனில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். கேட்பதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். உடனே முடியாவிட்டால் "அடுத்த வாரம் தரேன் மக்கா, மறக்கல" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிக் கடன் தீர்ந்துவிடும். கேட்கிறவனும் ஜாடை மாடையாக ஸ்டேட்டஸ் போடாமல் நேரில் கேட்க வேண்டும். அண்ணாச்சி கடைப் பாக்கியை செமஸ்டர் லீவுக்கு முன் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தச் சின்னக் கடையின் முதலே அந்தப் பாக்கிகள்தான்.

16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். 347 ரூபாயோடு நிறுத்தியிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த 12 அணா விடுபடாமல் நிற்கிறது. கொடுக்க வேண்டியவர் அதைச் சில்லறை என்று கழிக்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.