கால் துவண்டால் காத்திருக்காதீர்கள்!

2025 ஜனவரிக் கடைசியில் திருவள்ளூர் மாவட்டச் சிறுவன் ஒருவன் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இறந்தான். நோயின் பெயர் "கில்லன் பாரே".

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் புனே பகுதியிலும் இந்நோய் பலரைத் தாக்கியது. நோயாளிகள் சிலரின் மலத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருந்தது.

இது என்ன நோய்?

கிருமியை எதிர்க்க உடலில் ஒரு சக்தி உண்டு. வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்து போனபின், சில வேளை அந்தச் சக்தி தவறுதலாக நரம்பையே தாக்கிவிடும். கம்பி அறுந்தால் விளக்கு எரியுமா? நரம்பு கெட்டால் தசை அசையாது. முதலில் கால் மரத்துப்போகும், துவளும். பிறகு கை. சிலருக்கு மூச்சுத் தசையும் ஓய்ந்துவிடும். அதுதான் ஆபத்து!

குணமாகுமா?

பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில், அல்லது மாதங்களில், எழுந்து நடக்கிறார்கள். நரம்பைக் காக்க 'இம்யூனோகுளோபுலின்' மருந்து உண்டு. மூச்சுக்குக் கருவி உண்டு. ஆனால், நேரத்தோடு போகவேண்டும்.

வேப்பம்பட்டுத் தாய்மாரே! நேற்று ஓடிய பிள்ளை இன்று படியேறத் தடுமாறினால், "சுளுக்கு" என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

மலத்தைச் சோதனைக்குக் கேட்டால் மிரளாதீர்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் துவண்டால், போலியோவா என்று பார்ப்பது வழக்கம். சொட்டு மருந்தோடு இந்தக் காவலும் சேர்ந்துதான், 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு ஆயிற்று.

கில்லன் பாரே ஒட்டுவாரொட்டி அல்ல. நோய் கண்ட பிள்ளையை ஒதுக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்!