குறுக்கு வழி திறந்தால் கியூ குறையுமா? அத்திவரதர் விழா காட்டிய கணக்கு!

திருப்பருத்திக்குன்றம்,

வேகவதி ஆற்றோரம் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். இங்குள்ள சமணக் கோவிலில், கூரையில் தீட்டிய பழைய ஓவியங்களை கழுத்து வலிக்கிற வரை நின்று பார்க்கலாம். பின்னாலிருந்து தள்ள ஆள் கிடையாது.

இதே காஞ்சீபுரத்தின் இன்னொரு கோடியில், வரதராஜ பெருமாள் கோவிலில், 2019-ம் ஆண்டு நடந்தது வேறு கதை!

குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருகிறார். அந்த வருஷம் ஜூலை 1-ந் தேதி வந்தார். ஆகஸ்டு 17-ந் தேதி மறுபடி குளத்துக்குள் போனார். இந்த 48 நாளில் வந்த கூட்டம் சுமார் 1 கோடி!

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 லட்சம் பேருக்கு மேல். தினம் 17 மணி நேரம் தரிசனம் என்று வைத்துக் கொண்டாலும், வினாடிக்கு 3 பேர் சாமியைத் தாண்டிப் போக வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் 3 பேர். அப்புறம் எங்கே கும்பிடுவது?

பாஸ் படுத்திய பாடு

பொது ஜனங்கள் கிழக்கு கோபுரம் வழியாக நுழைந்தார்கள். வி.ஐ.பி. பாஸ் வைத்திருந்தவர்களுக்கு மேற்கு கோபுரம். வழி இரண்டு; சாமி இருந்த வசந்த மண்டபம் ஒன்றுதான். பாஸ்காரர் மண்டபத்தில் ஒரு நிமிஷம் நின்று, அதனால் பொது வரிசை நின்றால், பின்னால் 200 பேர் சேர்ந்து விடுவார்கள். ஆக, பாஸ் வந்ததால் காத்திருப்பு ஒழியவில்லை. பாஸ் இல்லாதவன் தலையில் ஏறியது. அவ்வளவுதான்.

அந்த பாஸ் யார் யார் கைக்குப் போனது என்பது பெரிய கூத்து. போலீசாரின் ரவுடி பட்டியலில் இருந்த ஒருவர், கழுத்து நிறைய நகையோடு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த படம் ஊரெல்லாம் சுற்றியது. பாஸ் இல்லாதவர்களை இந்த வழியில் விட்டதாக, கலெக்டரே ஒரு போலீஸ் அதிகாரியை எல்லோர் முன்னிலையிலும் விளாசித் தள்ளினார். அதுவும் படமாகி வந்தது.

ஜூலை 18-ந் தேதி நடந்தது கூத்து அல்ல. கொளுத்தும் வெயில், தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே நெரிசல். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. மயங்கி விழுந்தவர்களில் 4 பேர் உயிர் போனது.

ராட்டினத்திலும் இதே கதை

வெளிநாட்டு தீம் பார்க்குகளும் இந்தத் தலைவலியில் சிக்கியவைதான். அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனி 1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' சீட்டு கொண்டு வந்தது. ராட்டினத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சீட்டில் இருக்கும். அதுவரை வேறு இடம் சுற்றலாம். காசு கிடையாது. 2021-ல் அதை எடுத்து விட்டு, காசு கொடுத்தால் சீக்கிரம் ஏறலாம் என்று மாற்றி விட்டார்கள். இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் முதலாவது, கூட்டத்தை நேரம் பார்த்துப் பிரித்தது. இரண்டாவது, பணம் பார்த்துப் பிரிக்கிறது.

அப்படியானால் எல்லாருக்கும் டோக்கன் கொடுத்தால் தீர்ந்ததா? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. திருப்பதியில் 2025 ஜனவரி 8-ந் தேதி 6 பேர் நெரிசலில் இறந்தார்களே, அது சாமி கும்பிடும் வரிசையில் அல்ல. வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில்! டோக்கனை ஆளே நேரில் வந்து வாங்க வேண்டும் என்றால், கியூ மலை மேலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகிறது. வேறு பலன் இல்லை.

அத்திவரதர் விழாவில் உண்மையிலேயே நெரிசலுக்குத் தப்பியவர்கள் பாஸ்காரர்கள் மட்டுமல்ல. ஜூலை முதல் வாரத்திலேயே, சயன கோலம் போதும் என்று வந்து போனவர்களும்தான். நின்ற கோலம் ஆகஸ்டு 1-ந் தேதி ஆரம்பித்தது. எல்லாரும் அதையே பார்க்க நினைத்தார்கள். கடைசி நாட்களில் காஞ்சீபுரம் தெருக்களில் கால் வைக்க இடமில்லை.

அத்திவரதர் இனி 2059-ல்தான் வருவார். ஆனால் அதே கோவிலின் வைகாசி கருட சேவை வருஷா வருஷம் வருகிறது. அன்றைக்கு யாரை எந்த வழியில், எத்தனை மணிக்கு விடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது அறநிலையத் துறையும் போலீசும்தான்.