மார்கழி ஓய்வு யாருக்கு?

மார்கழியில் எங்கள் புறநோயாளிகள் பிரிவு பொழுது விடியும் முன்பே நிறைந்துவிடுகிறது. கடலூர்க் கரையோர ஊர்களிலிருந்தும் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வயல்வெளிக் கிராமங்களிலிருந்தும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூச்சிரைப்போடும் இருமலோடும் வருகிறார்கள். மலைநாட்டுக் குளிரன்று நமது குளிர். இரவின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இறங்குகிறது. ஆயினும் ஆண்டு முழுவதும் வெம்மைக்குப் பழகிய உடலுக்கு அதுவே சுமை. குளிரில் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. பனி மூடிய விடியலில் புகையும் தூசியும் தரையை ஒட்டியே தங்கி, ஆஸ்துமா உள்ளவர்களை வருத்துகின்றன.

ஆகவே, வீடு திரும்புவோரின் சீட்டில் ‘நன்கு ஓய்வெடுக்கவும்’ என்று எழுதி அனுப்புகிறோம். பல ஆண்டுகளாக அவ்வாறே எழுதிவந்தோம். அந்த ஓய்வை வீட்டில் யார் உழைத்து உண்டாக்குகிறார்கள் என்று கேட்க எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது.

சில மார்கழிகளுக்கு முன் ஒரு பெரியவர் மறுபரிசோதனைக்கு வந்தார். நன்றாகத் தேறியிருந்தார். உடன் வந்த மனைவியோ, நாற்காலியில் அமர்ந்தவாறே உறங்கிவிட்டார். அவரை எழுப்பி இரத்த அழுத்தத்தைப் பார்த்தோம். கணவருடையதைவிட அதிகமாக இருந்தது. நான்கு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டு, வெந்நீர் வைத்து, கஞ்சி காய்ச்சி, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, நலம் கேட்க வருவோருக்குக் காப்பியும் கொடுத்து வந்திருக்கிறார். “நீங்கள் எப்போது அம்மா ஓய்வெடுப்பீர்கள்?” என்று கேட்டோம். “ஓய்வு அவருக்குத்தானே ஐயா எழுதியிருக்கிறீர்கள்?” என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை.

மழை ஓய்ந்த இம்மாதத்தில் வீட்டுக்குள் அடங்கி, போர்வையும் புத்தகமுமாக மெல்லப் பொழுதைக் கழிப்பது இனிது; நோயிலிருந்து மீள்வோருக்கு அது தேவையும்கூட. ஆனால் அந்த இனிமை ஒருவருக்கு மட்டும் கிடைத்து, இன்னொருவருக்கு இரட்டை வேலையாக முடிந்தால், விரைவில் அவ்வீட்டில் இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். ஓய்வைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்கிறோம். விளக்கு வைத்தபின் அரை மணி நேரம் இருவரும் ஓரிடத்தில் அமருங்கள். நோயாளி வாய்விட்டு வாசிக்கட்டும். பார்த்துக்கொள்பவர் காலை நீட்டிக் கேட்கட்டும். அடுப்படியை மகனோ மகளோ அந்நேரம் கவனிக்கட்டும். பல வாரங்களாகப் பிறர் கையிலிருந்து பெற்றுக்கொண்டே இருப்பவருக்கு, தாமும் ஒன்று தர முடிகிறது என்ற எண்ணம் பெருந்தெம்பு. வாசிக்கும்போது மூச்சு வாங்கினால் நிறுத்திவிடலாம். அன்றைக்குப் பேரப்பிள்ளை வாசிக்கலாம். கைப்பேசி அரை மணியும் அடுத்த அறையில் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை, உறவினர் செய்தி, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு என்று அது மனத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புத்தகமோ நாம் நிறுத்திய இடத்திலேயே காத்திருக்கும்.

எதை வாசிப்பது? களைத்த உடலுக்குச் சிறுகதை ஏற்றது; ஒரே அமர்வில் முடிந்துவிடும். அதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்; ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’, நோயுற்ற மனைவியைக் கணவரே பார்த்துக்கொள்ளும் கதை. துயரமான முடிவுடையது, ஆதலால் நோயாளிக்கு இப்போது வேண்டாம். பார்த்துக்கொள்பவர் மனம் திடமாக உள்ள ஒரு நாளில் தனியே படிக்கலாம். தம் உழைப்பை ஒருவர் கண்டு எழுதியிருக்கிறார் என்று உணர்வார். அதை எழுதியவரே காசநோயால் 1948இல், 42 வயதில் மறைந்தார். இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை அன்று இல்லை.

புத்தகம் வாங்கப் பணமில்லையே என்று கவலை வேண்டாம். சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். கிளை நூலகத்தின் நூல்கள் நம் பணத்தில் வாங்கியவை. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் காலத்தில், 1931இல், மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றது. வெளியே போக இயலாத நோயாளிக்கு அந்த வண்டியின் வேலையைக் குடும்பத்தில் ஒருவர் செய்யலாம்.

சில எச்சரிக்கைகள். வாசிப்பு மருந்துக்கு மாற்றன்று, மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். நிமிர்ந்து அமர்ந்து, நல்ல வெளிச்சத்தில் படியுங்கள். நடக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்தவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடங்கள். நெடுநேரம் அசையாதிருந்தால் கால்களில் இரத்தம் உறையக்கூடும். நடைப்பயிற்சியை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் கொசுவத்தி வேண்டாம். போகியன்று காலையில் நுரையீரல் நோயாளிகள் வெளியே வர வேண்டாம். ஆருத்ரா தரிசனத்துக்குப் போகலாமா என்று சிதம்பரத்தார் தவறாமல் கேட்கிறார்கள். இவ்வாண்டு இயலாதவர்களுக்காக அடுத்த ஆண்டும் நடராசர் அங்கேயே இருப்பார். நெஞ்சு வலி, கடும் மூச்சுத்திணறல், கை கால் ஒருபுறம் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் புத்தகத்தை மூடிவிட்டு உடனே 108ஐ அழையுங்கள்.

இப்போதெல்லாம் எங்கள் சீட்டில் மேலும் ஒரு வரி எழுதுகிறோம்: ‘உடனிருப்பவரும் நாள்தோறும் அரை மணி அமர வேண்டும்.’ மறுபரிசோதனைக்கு வரும்போது நோயாளியிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்போம். உடன் வருபவரிடம், இந்த வாரம் என்ன கதை கேட்டீர்கள் என்று கேட்போம்.