குதிரை லாயத்தில், பந்தயம் வீதியில்!

குதிரைகள் இன்னும் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை; சேணம் பூட்டவில்லை; கொடி அசைக்கவில்லை. பந்தயம் கட்டுவோர் கூட்டமோ வீதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது! "நியூசம்தான்!" என்று ஒருவர் துண்டைப் போட்டுத் தாண்டுகிறார். "இல்லை, இல்லை, ஷாப்பிரோ!" என்று இன்னொருவர் மேசையைக் குத்துகிறார். "கமலா ஹாரிஸ் மீண்டும் வருவார், பாருங்கள்!" என்கிறார் மூன்றாமவர். அந்த அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அல்லவா, ஆகவே அவருக்குப் பாசம் கொஞ்சம் கூடுதல்!

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அடுத்த குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார்? இதுதான் கேள்வி. தேர்தல் நாள் 2028 நவம்பர் 7. டிரம்ப் 2016-லும் 2024-லும் வென்றவர். இரு முறைக்கு மேல் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது 1951-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம். எனவே எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சிக்கும் வேறு முகம் வேண்டும். அங்கே ஆராய்ச்சி அதிகம் தேவையில்லை. 2025 ஜனவரியில் துணைத் தலைவரான வான்ஸ் வாசற்படியிலேயே நிற்கிறார். டிரம்பின் விரல் எந்தப் பக்கம் நீளுமோ அந்தப் பக்கம் அந்தக் கட்சி சாயும். ஜனநாயகக் கட்சியின் நிலைமை அப்படியல்ல. வீடு பெரிது, பங்காளிகள் பலர், சாவிக்கொத்து யார் இடுப்பிலும் இல்லை.

நாம் ஜோதிடம் பார்ப்பவர்கள் அல்லர். ஆனால், ஜோதிடம் பார்த்தவர்கள் பட்ட பாட்டை மட்டும் கொஞ்சம் எடுத்துக் காட்டுவோம்.

1860-ல் சிக்காகோ மாநாட்டுக்குக் குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் போனபோது வேட்பாளர் சீவார்டு என்றே பேச்சு. மூன்றாவது சுற்று வாக்கெடுப்பில் வென்று எழுந்தவர் லிங்கன்! 1924-ல் ஜனநாயகக் கட்சி மாநாடு நியூயார்க்கில் கூடியது. ஒரு சுற்று, பத்துச் சுற்று, ஐம்பது சுற்று என்று போய், 103-வது சுற்றில் டேவிஸ் என்பவரைப் பிடித்து நிறுத்தினார்கள்; அவரும் தோற்றார். 1972-ல் மஸ்கிதான் என்று பத்திரிகைகள் முரசறைந்தன, வந்தவர் மெக்கவர்ன். 1976-ல் ஜார்ஜியாவின் கடலைப் பண்ணைக்காரர் கார்ட்டர் புறப்பட்டபோது "எந்த ஜிம்மி?" என்று கேலி பேசினார்கள். அயோவாவில் முதல் இடம் 'யாருக்கும் உறுதி சொல்லாதோர்' என்ற கணக்குக்கு, இரண்டாம் இடம் கார்ட்டருக்கு. அந்த இரண்டாம் இடத்தையே ஏணியாக்கி அவர் வெள்ளை மாளிகைக்கு ஏறினார்! 2016-ல் ஜெப் புஷ் கையில் பணமூட்டை இருந்தது, குடும்பப் பெயர் இருந்தது, வாக்குதான் இல்லை.

இத்தனை கணிப்பும் பொய்த்ததற்குக் காரணம், கணித்தவர்கள் ஆளைப் பார்த்தார்கள், வழியைப் பார்க்கவில்லை என்பதே.

வழி எது? நம் நாட்டில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். நாம் சுவரொட்டி ஒட்டுவோம். அங்கே மாநிலம் மாநிலமாகக் கட்சிக்காரர்கள் வாக்குச்சீட்டில் குத்தித் தீர்மானிக்கிறார்கள். 'பிரைமரி' என்பார்கள், முதல்நிலைத் தேர்தல் என்று நாம் சொல்லலாம். ஜனநாயகக் கட்சியில் நூற்றுக்கு 15 வாக்காவது பெற்றவருக்கே பிரதிநிதிகள் கிடைப்பார்கள். பெற்ற வாக்குக்கு ஏற்பப் பங்கு. எந்த மாநிலம் முதலில் வாக்களிப்பது என்பதற்கே அடிதடி! 2024-ல் தென் கரோலினாதான் முதலில் என்று கட்சித் தலைமை விதித்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமோ விதியை மதிக்காமல் முந்திக்கொண்டது. வரிசை மாறினால் வேட்பாளர் மாறுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த முறை வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1968-ல் வியட்நாம் போரால் நாடு கொதித்தது. ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிக்காகோவில் மாநாடு. வெளியே வீதியில் இளைஞர்களின் மண்டையில் போலீஸ் தடி. உள்ளே ஹம்ப்ரிக்கு மகுடம். முதல்நிலைத் தேர்தல் ஒன்றில்கூட இறங்காத ஹம்ப்ரிக்கு! தொண்டன் கொதித்தான். விதிகளை மாற்றக் குழு போட்டார்கள். மெக்கவர்ன் அதற்குத் தலைமை ஏற்றார். 1972-ல் அந்தப் புது விதிப்படி வேட்பாளரானவரும் அவரே என்பது வேடிக்கை. நிக்சனிடம் அவர் 49 மாநிலங்களில் தோற்றது வேதனை.

இனி, நம் உள்ளத்தைத் தொட்ட ஒரு நிகழ்ச்சி. தொழிலாளத் தோழர்கள் இதைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்க வேண்டும்.

1960 மே 10. மேற்கு வர்ஜீனியா. மலையும் சுரங்கமுமான மாநிலம். நிலக்கரித் தூசு படிந்த முகங்கள். கென்னடியோ செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை; அதிலும் கத்தோலிக்கர். அங்குள்ளோர் மிகப் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். எதிரே நின்றவர் தொழிலாளர் பக்கம் பேசிவந்த ஹம்ப்ரி. "கத்தோலிக்கனுக்கு இந்த மலையில் வாக்கு விழுமா?" என்று கேட்டவர்கள் முன்னால், கென்னடி சுரங்க வாசலுக்கே போனார். கரியேறிய கைகளைப் பற்றிக் குலுக்கினார். பணமும் தண்ணீராக ஓடியது, அதை மறைப்பானேன்? வென்றார். அந்த வெற்றிக்குப் பிறகுதான் கட்சிப் பெருந்தலைகள் அவர் பக்கம் திரும்பின. பதவி ஏற்றதும் அவர் போட்ட முதல் உத்தரவு, ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் உணவுப் பொருளைக் கூட்டும் உத்தரவு. 1961 மே மாதத்தில் உணவுச் சீட்டுத் திட்டத்தைச் சோதனையாக மீண்டும் தொடங்கியபோது, முதல் சீட்டு வழங்கப்பட்ட இடம் அதே மாநிலத்தின் மக்டவல் சுரங்க வட்டாரம்.

அந்த மேற்கு வர்ஜீனியா 1988-ல், துக்காகிஸ் பத்தே மாநிலங்களில் வென்று படுதோல்வி கண்டபோதும், அவரைக் கைவிடவில்லை. 2000 முதல் ஒரு முறைகூட ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. 2024-ல் அங்கே டிரம்புக்கு விழுந்தது நூற்றுக்கு 70!

சுரங்கத் தொழிலாளி சோரம் போய்விட்டானா? இல்லை. சுரங்கங்கள் மூடின, இயந்திரங்கள் வந்தன, சங்கம் மெலிந்தது. புஷ் காலத்தில் பேசி முடித்து 1993-ல் கிளிண்டன் சட்டமாக்கிய வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பின், ஆலைகள் மெக்சிகோ பக்கம் நடந்தன. கட்சியோ தொழிலாளி வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போய், நன்கொடை தரும் சீமான்களின் விருந்து மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டது. திண்ணை எத்தனை நாள் காலியாகக் கிடக்கும்? வேறொருவர் வந்து அமர்ந்தார். அவரும் கோடீஸ்வரர்தான், ஆனால் "உன்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவன் காதில் சொன்னார். 2024 செப்டம்பரில், லாரி ஓட்டுநர்களைப் பெருவாரியாகக் கொண்ட டீம்ஸ்டர்ஸ் சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டது. 1996-க்குப் பிறகு இதுதான் முதல் முறை. அபாயச் சங்கு ஊதிய பிறகும் தலைவர்கள் திரையுலக நட்சத்திரங்களோடு மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள்!

அந்த 2024-ல் நடந்தது என்ன? 81 வயது பைடன் ஜூலை 21 அன்று விலகினார். கமலா ஹாரிஸ் வேட்பாளரானார், முதல்நிலைத் தேர்தலில் தமக்கென்று ஒரு வாக்கும் கேளாமலே! வேறு வழியில்லாத நேரம் என்பதை நாம் ஒப்புகிறோம். நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டினார். துளசேந்திரபுரத்தில் சிறப்புப் பூஜையும் நடந்தது. கோயில் மணி ஓசை பென்சில்வேனியாவுக்கு எட்டவில்லை. 312-க்கு 226 என்று தோற்றார். 2019 டிசம்பரில் தாமாகப் போட்டியிட்டபோதும், ஒரு வாக்கு விழுவதற்கு முன்பே விலகியவர் அவர். கலிபோர்னியா கவர்னர் பதவிக்குப் போட்டியில்லை என்று 2025 ஜூலையில் அறிவித்தார். வெள்ளை மாளிகைக் கதவை மட்டும் சாத்தவில்லை. ஊர்ப் பாசம் வேறு, அரசியல் கணக்கு வேறு. இவருக்கு வாய்ப்புக் குறைவு என்றே நாம் கருதுகிறோம்.

மற்றவர்களைப் பார்ப்போம். ஒரு விளக்கம்: அங்கே கவர்னர் என்றால் டில்லியிலிருந்து கோப்பும் கையுமாக அனுப்பப்படுபவர் அல்லர், மக்கள் வாக்கால் வருபவர், நம் முதலமைச்சர் போல.

நியூசம் 2019-ல் கலிபோர்னியா கவர்னரானவர். அழகாகப் பேசுவார், அடிக்கு அடி கொடுப்பார். டெக்சாசில் டிரம்ப் கட்சியார் தொகுதி எல்லைகளைத் தமக்கேற்ப வெட்டிக்கொண்டபோது, 2025 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தம் மாநிலத்தில் பதிலுக்கு வெட்டினார். தொண்டர்கள் கைதட்டினார்கள், தட்ட வேண்டியதுதான். ஆனால் 2020 நவம்பரில், கொரோனா காலத்தில், "கூடாதீர்கள்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் ஆடம்பர உணவு விடுதியில் நண்பர்களோடு விருந்துண்டவரும் அவரே. மறுவாரம் மன்னிப்புக் கேட்டார். ஆலை வாசலில் நிற்பவனுக்கு மன்னிப்பு மறந்துவிடும், விருந்து மறக்காது.

பென்சில்வேனியாவின் ஷாப்பிரோ 2022-ல் வென்றவர். 2023 ஜூன் 11 அன்று பிலடெல்பியாவில் ஒரு டாங்கர் லாரி தீப்பிடித்து நெடுஞ்சாலைப் பாலமே இடிந்து விழுந்தது. மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். சங்கத் தொழிலாளர்கள் இரவு பகலாக உழைத்து, பன்னிரண்டே நாளில் தற்காலிகப் பாதை திறந்தார்கள். உழைத்தது தொழிலாளி, பெயர் கவர்னருக்கு. இருக்கட்டும், தடை போடாமல் நின்றாரே, அதுவே பெரிது.

மிச்சிகனின் விட்மர் அம்மையாரைத் தொழிற்சங்கத் தோழர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டும். 'வேலை செய்யும் உரிமை' என்ற சர்க்கரைப் பெயரில் சங்கத்தின் சந்தாவை உலர்த்தும் சட்டம் ஒன்று அங்கே 2012-ல் வந்தது. 2023 மார்ச்சில் அதை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் இவர். பல பத்தாண்டுகளாக எந்த மாநிலமும் செய்யத் துணியாத காரியம்!

இல்லினாயின் பிரிட்ஸ்கர், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கிய சட்டத்துக்கு உரியவர். ஓட்டல் சாம்ராஜ்ய வாரிசு, பெருங்கோடீஸ்வரர். கோடீஸ்வரனை வீழ்த்தக் கோடீஸ்வரனா என்று கேட்பார்கள். நியூயார்க்கின் ஒக்காசியோ-கோர்ட்டெஸ் மதுக்கடையில் பரிமாறி வாழ்ந்தவர். 2018-ல் கட்சியின் பெரும்புள்ளி கிரவுலியைச் சாய்த்தார். இளைஞர் கூட்டம் அவருக்கு அலைமோதுகிறது. புட்டிஜெஜ் நாவன்மை மிக்கவர். 2020-ல் அயோவாவில் முன்னணியில் நின்றவர், தென் கரோலினாவில் நூற்றுக்கு 8-க்கு மேல் தாண்டவில்லை.

தென் கரோலினா என்றோம். அங்கேதான் கோட்டை வாயில் இருக்கிறது. அந்த மாநிலத்து முதல்நிலைத் தேர்தலில் வாக்களிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். 2008-ல் ஒபாமா, 2016-ல் ஹில்லாரி, 2020-ல் பைடன் என வேட்பாளரானவர் அனைவரும் அங்கே வென்றவர்களே. 2020 பைடன் கதையைக் கேளுங்கள். அயோவாவில் நாலாம் இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். "முடிந்தது கதை" என்று எழுதிவிட்டார்கள். கறுப்பின மக்களின் மூத்த தலைவர் கிளைபர்ன் ஆதரவு தந்தார். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினா அள்ளிக் கொடுத்தது. மூன்றே நாளில் எதிராளிகள் விலகி அவர் பின்னால் வந்தார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 அவருக்கு! பட்டணத்துப் பண்டிதர்கள் கைவிட்டவரை, மாதா கோயில் வாசலில் நின்ற கறுப்பினத் தாய்மார்கள் தூக்கி நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் நியூசமும், கென்டக்கியின் கவர்னர் பெஷியரும், தனித்தனியே தென் கரோலினாவைச் சுற்றி வந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதா?

தென் கரோலினாவின் கறுப்பினத்தார் கதவைத் திறந்துவிட வேண்டும். திறந்தபின், மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் உள்ள ஆலைத் தொழிலாளியிடம் முகம் காட்டத் தகுதி வேண்டும். முதலாவது இல்லாதவர் வேட்பாளராக முடியாது. இரண்டாவது இல்லாதவர் வேட்பாளராகி என்ன பயன்? இந்தத் தராசில் வைத்தால், தொடக்க ஆரவாரம் நியூசத்துக்கு என்போம். மஸ்கிக்கும் அப்படித்தான் இருந்தது. செய்து காட்டிய வேலையால் ஷாப்பிரோவும் விட்மரும் அவரைவிடக் கனம் கூடியவர்கள்.

ஆனால் நம் கண் போவது வேறொருவர் மேல். பெஷியர் வாயாடி அல்லர். தந்தையும் கவர்னராக இருந்தவர். ஆகவே குடிசையில் பிறந்த கதையும் அவருக்கில்லை. ஆயினும் கென்டக்கி, டிரம்புக்கு 2020-லும் 2024-லும் நூற்றுக்கு 60-க்கு மேல் கொடுத்த மாநிலம். அங்கே 2019-ல் ஐயாயிரம் வாக்கு வித்தியாசத்தில் நுழைந்த இவர், 2023-ல் ஐந்து சதவீதம் கூடுதலாகப் பெற்று நிலைத்தார். 2022 வெள்ளத்தில் மூழ்கிய கிழக்குப் பகுதிச் சுரங்க வட்டாரங்கள் சிலவற்றிலும் முந்தினார். டிரம்புக்கு வாக்களித்த அதே கைகள் இவருக்கும் குத்தின. தென் கரோலினாவின் தாய்மார்கள் இவரை ஏற்பார்களா என்பதுதான் முடிச்சு. ஒரு சுற்றுப்பயணத்தில் அவிழும் முடிச்சு அல்ல அது. அவருடைய பதவிக்காலம் 2027 டிசம்பரில் முடிகிறது. முதல்நிலைத் தேர்தல்கள் 2028 தொடக்கத்தில். கென்டக்கிக்கு அடுத்த மாநிலம்தான் மேற்கு வர்ஜீனியா. எல்லையில் ஓர் ஆறு, அந்தக் கரையில் கென்னடி கைகுலுக்கிய சுரங்க நாடு.