சி.இ.ஓ. போட்டோ பெருசா இருந்தா கம்பெனிக்கு என்ன ஆகும்? ஆய்வு சொல்வது இதுதான்!

கம்பெனி ஆண்டறிக்கையில் சி.இ.ஓ.வின் போட்டோ எவ்வளவு பெரிது? அதை வைத்தே அவர் எடுக்கப்போகும் முடிவுகளைக் கணிக்கப் பார்த்தார், அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மேலாண்மைப் பேராசிரியர் டொனால்ட் ஹேம்ப்ரிக்.

அரிஜித் சட்டர்ஜியுடன் சேர்ந்து 2007-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க கம்ப்யூட்டர் துறையின் 111 சி.இ.ஓ.க்களைப் பற்றியது. 'உங்களுக்குத் தற்பெருமை அதிகமா?' என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? அதனால் கேட்கவே இல்லை. போட்டோவின் அளவு, பேட்டியில் எத்தனை 'நான்', செய்திக்குறிப்பில் எத்தனை முறை பெயர், அடுத்த இடத்தில் இருப்பவரைவிட எவ்வளவு கூடுதல் சம்பளம்... எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். போட்டோவை மட்டும் பார்த்து யாரையும் முத்திரை குத்த முடியாது இல்லையா!

ரிசல்ட்? 'நான்' தூக்கலாக இருந்தவர்கள் கம்பெனியின் ரூட்டை அதிகம் மாற்றினார்கள். வேறு கம்பெனிகளை நிறைய வாங்கினார்கள், அதுவும் பெரிய அளவில். லாபம் ஒரு வருஷம் எகிறியது, இன்னொரு வருஷம் சறுக்கியது. ஆனால் சராசரி எடுத்தால் மற்றவர்களைவிட உசத்தியும் இல்லை, மோசமும் இல்லை.

நீண்ட காலம் பங்கை வைத்திருப்பவர் இதைத் தாங்கிவிடுவார். அவசரத்துக்கு விற்க வேண்டியவர் எந்த வருஷத்தில் மாட்டுகிறார் என்பதில்தான் சிக்கல்.